ரீடர் சர்வீஸ மூடுறாங்க, இனி எங்க போறது? எல்லாரும் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

நாலு வருஷமா காலைல எந்திரிச்சதும் நான் திறக்கிறது ஒரு சின்ன ஆர்எஸ்எஸ் ரீடர் சர்வீஸ், அதாவது நமக்குப் புடிச்ச சைட்ல எல்லாம் புதுசா வர்றத ஒரே எடத்துல சேத்துக் காட்டுறது. போன மாசம் அங்கருந்து ஒரு மெயில், மூடுறோம், 30 நாள் டைம், இத்தன நாள் கூட இருந்ததுக்கு நன்றினு. பேரு வேணாம், ரெண்டு மூணு பேரா சேந்து நடத்துனது, அவங்கள திட்டி என்ன ஆகப்போகுது. ஆனா எனக்கு இது மூணாவது தடவ. 2013ல கூகுள் ரீடர், 2018ல டிக் ரீடர், இப்ப இது. என் பேச்சக் கேட்டு இதுல சேந்தவங்க ஒரு பத்துப் பதினஞ்சு பேரு இருக்காங்க, எல்லாரும் மாத்தி மாத்தி ஒரே கேள்வியத்தான் கேக்குறாங்க, அதனால மொத்தமா எழுதி வச்சுட்டேன்.

மெயில் வந்துச்சு. மொதல்ல என்ன பண்ணனும்?

புது ரீடர் தேடுறத அப்புறம் பாத்துக்கலாம். இன்னைக்கே செட்டிங்ஸ்ல போய் எக்ஸ்போர்ட்னு இருக்கிறத அமுக்கி ஓபிஎம்எல் ஃபைல இறக்கி வைங்க. கடைசி நாள் வரைக்கும் காத்திருந்தா எல்லாரும் அன்னைக்குத்தான் வருவாங்க, சர்வர் படுத்துரும். இறக்குன ஃபைல ரெண்டு எடத்துல வைங்க, அப்படியே உங்களுக்கே ஒரு மெயிலும் போட்டுக்கோங்க.

ஓபிஎம்எல்னா என்ன? அதுல என்னதான் இருக்கு?

நீங்க ஃபாலோ பண்ற ஃபீட் எல்லாத்தோட பட்டியல், அவ்ளோதான். ஃபீட்னா ஒரு சைட்டு தன்னோட புதுப் பதிவுகள ரீடர் படிக்கிற மாதிரி வெளியிடுற ஃபைல். 2000 வாக்குல டேவ் வைனர் தன்னோட அவுட்லைன் எழுதுற மென்பொருளுக்காக செஞ்ச ஃபார்மட், ரீடர் செய்றவங்க எல்லாரும் அதையே புடிச்சுக்கிட்டாங்க. ஃபைல நோட்பேட்ல திறந்து பாருங்க, பயமுறுத்துற மாதிரி ஒண்ணும் இருக்காது. ஒவ்வொரு ஃபீடுக்கும் அவுட்லைன்னு ஆரம்பிக்கிற ஒரு வரி, அந்த வரிக்குள்ள சைட்டோட பேரு, சைட்டோட முகவரி, அப்புறம் எக்ஸ்எம்எல் யூஆர்எல்னு ஒண்ணு. அந்தக் கடைசி ஒண்ணுதான் உயிர், அதுதான் ஃபீடோட நிஜ முகவரி. ஃபோல்டர் போட்டு வச்சிருந்தீங்கன்னா ஒரு அவுட்லைன் வரிக்குள்ள மத்த வரியெல்லாம் அடங்கி இருக்கும்.

என்னோடத திறந்து எண்ணிப் பாத்தேன், 212 இருந்துச்சு. ஒவ்வொண்ணா போய்ப் பாத்தா 47 சைட்டு உயிரோடவே இல்ல, சிலது டொமைன் கைமாறி சூதாட்ட விளம்பரம் ஓடுது, ஒருத்தர் கடைசியா எழுதுனதே "சீக்கிரம் திரும்ப வர்றேன்"னு, அது ஆச்சு ஆறு வருஷம். வீடு மாறும்போதுதான் பரண்ல என்னென்ன கெடக்குதுன்னே தெரியும்ல, அந்த மாதிரி. குப்பைய இங்கயே கழிச்சுட்டுப் போங்க, புது எடத்துல ஃப்ரீ அக்கவுண்டுக்கு எண்ணிக்கை வரம்பு இருக்கு.

படிச்சது படிக்காதது, ஸ்டார் போட்டது எல்லாம் கூட வருமா?

பொதுவா வராது. சாதாரண ஓபிஎம்எல்ல ஃபீட் முகவரியும் ஃபோல்டரும் மட்டும்தான் இருக்கும். எது படிச்சோம் எது படிக்கலைங்கிறது போகட்டும், புது எடத்துல ஒரு தடவ எல்லாத்தையும் படிச்சதா மார்க் பண்ணிட்டு சுத்தமா ஆரம்பிக்கலாம், சொல்லப்போனா அதுவே ஒரு நிம்மதி. ஸ்டார் போட்டு வச்சதுதான் வலிக்கும். சில சர்வீஸ் அத தனியா ஜேசான் ஃபைலாவோ எச்டிஎம்எல் பக்கமாவோ குடுக்கும், கூகுள் ரீடர் மூடுனப்பகூட டேக்அவுட்னு நம்ம டேட்டாவ இறக்கிக்கிற கூகுள் வசதி வழியா அப்படித்தான் குடுத்தாங்க. அது இல்லைன்னா ஸ்டார் பக்கத்த கடைசி வரைக்கும் ஸ்க்ரோல் பண்ணி பிரவுசர்லயே சேவ் பண்ணிக்கோங்க. அசிங்கமான வழிதான், ஆனா நான் அப்படித்தான் 300 கட்டுரைய காப்பாத்துனேன்.

தேதி தாண்டிருச்சு, எக்ஸ்போர்ட் பண்ண மறந்துட்டேன். அவ்ளோதானா?

உடனே கைய விட்டுறாதீங்க. போன்ல ஏதாவது ஆப் வழியா அந்த சர்வீஸ படிச்சிட்டு இருந்தீங்கன்னா அந்த ஆப்குள்ள ஃபீட் பட்டியல் இன்னும் இருக்கலாம். போன மொதல்ல ஏரோபிளேன் மோட்ல போட்டுட்டு ஆப்ப திறங்க, இல்லன்னா அது சர்வர்கிட்ட போய்ப் பேசி உள்ள இருக்கிறதையும் தொடச்சுக்கிட்டாலும் தொடச்சுக்கும். நிறைய ஆப்ல எக்ஸ்போர்ட் இருக்கும். அதுவும் இல்லன்னா பிரவுசர் ஹிஸ்டரி, எந்தெந்த சைட்ட அடிக்கடி திறந்தீங்கன்னு பாத்து ஒவ்வொண்ணா சேக்கணும். மறந்து போன சைட்டு போனது போனதுதான்.

இந்தக் காலத்துலயும் ஆர்எஸ்எஸ் இருக்கா?

நீங்க பாட்காஸ்ட் கேக்குறீங்களா? அது ஓடுறதே ஆர்எஸ்எஸ்லதான். 1999ல நெட்ஸ்கேப் கொண்டு வந்தது, 2002ல வந்த 2.0தான் இன்னைக்கும் பெரும்பாலும் ஓடுது, கூடவே 2005ல தரப்படுத்துன ஆட்டம்னு ஒரு தம்பி. வேர்ட்பிரஸ், பிளாகர், யூடியூப், ரெட்டிட், மாஸ்டடான் எல்லாம் இப்பவும் ஃபீட் குடுக்குது. அத வெளிய காட்டுறதுதான் இல்லாம போச்சு. ஃபயர்பாக்ஸ்ல ஒரு காலத்துல முகவரிப் பட்டைலயே ஆரஞ்சு கலர் பட்டன் இருந்துச்சு ஞாபகம் இருக்கா, அத மொதல்ல எடுத்தாங்க, உள்ளயே படிக்கிற வசதியையும் 2018 டிசம்பர்ல வந்த 64வது பதிப்புல எடுத்துட்டாங்க.

ஆன்லைன் சர்வீஸ் எதுக்கு, போன்ல ஒரு ஆப் போட்டாப் போதாதா?

போதும், ஒரே ஒரு கருவில மட்டும் தினமும் படிக்கிறவங்களுக்கு. இதுல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். ஃபீட்ங்கிறது ஒரு சைட்டோட மொத்தப் பதிவும் இல்ல, கடைசியா வந்த கொஞ்சம் மட்டும்தான். வேர்ட்பிரஸ் சைட்னா சும்மா விட்டா 10 பதிவு, யூடியூப் சேனல்னா 15 வீடியோ. நீங்க ஒரு வாரம் போன் பக்கமே போகல, அந்த செய்தி சைட்டு ஒரு நாளைக்கு 40 போடுதுன்னு வைங்க, திரும்பி வந்து ஆப்ப திறந்தா கடைசி 10 மட்டும்தான் கெடைக்கும், நடுவுல வந்தது அத்தனையும் ஆப்புக்குத் தெரியவே தெரியாது. ஆன்லைன் சர்வீஸ்னா நீங்க தூங்கும்போதும் அதோட சர்வர் ஒவ்வொரு ஃபீடையும் போய்த் தட்டிப் பாத்து வந்தத எடுத்து வச்சுக்கிட்டே இருக்கும். அதோட ஆபீஸ் கம்ப்யூட்டர்ல படிச்சத போன்ல திரும்பக் காட்டாது.

இதனாலதான் சர்வீஸ் மாறும்போது பழைய கட்டுரை காணாமப் போறதும். புது சர்வீஸ்ல அந்த ஃபீட ஏற்கனவே வேற யாராவது ஃபாலோ பண்ணியிருந்தா அந்த சர்வீஸ்கிட்ட பழசு இருக்கலாம், நீங்கதான் மொத ஆளுன்னா அன்னைக்கு ஃபீட்ல இருக்கிற 10 மட்டும்தான்.

ஆப் மட்டும் போதும்னா மேக், ஐபோனுக்கு நெட்நியூஸ்வயர், பைசா கெடையாது, ஓப்பன் சோர்ஸ், 2002லருந்து இருக்கு. நடுவுல வேற வேற கைக்கெல்லாம் போயிட்டு திரும்ப மொதல்ல எழுதுனவர்கிட்டயே வந்து சேந்துச்சு. கம்ப்யூட்டர்ல தண்டர்பேர்ட் வச்சிருந்தீங்கன்னா அதுலயே ஃபீட் படிக்கலாம், நிறையப் பேருக்கு இது தெரியாது.

சரி, எதெது இருக்கு? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

ஒரே ஓபிஎம்எல்ல அஞ்சு எடத்துல ஏத்தி மூணு வாரம் ஒண்ணா ஓட்டிப் பாத்தேன்.

ஃபீட்லி. பேரு எல்லாருக்கும் தெரியும். கூகுள் ரீடர மூடப்போறோம்னு 2013 மார்ச்ல அறிவிச்சப்ப 48 மணி நேரத்துல 5 லட்சம் பேரு இங்க வந்து சேந்ததா அவங்களே சொன்னாங்க. ஃப்ரீல 100 ஃபீட். பாக்க அழகு, புதுசா வர்றவங்களுக்கு ஈசி. எனக்கு ஒத்துவரல, ஏன்னா அவங்க கவனம் இப்ப கம்பெனிகளுக்கு சந்தைத் தகவல், பாதுகாப்புத் தகவல் சேத்துக் குடுக்குறதுல இருக்கு, திரும்புன பக்கமெல்லாம் ஏஐ, அப்கிரேடு பண்ணுங்கனு ஒரு பொட்டி. சும்மா நாலு சைட்டு படிக்கிறவனுக்கு அது எதுக்கு.

இனோரீடர். பல்கேரியாக்காரங்க, கூகுள் ரீடர் போன அதே 2013ல வந்தது. ஃப்ரீல 150 ஃபீட். இந்த அஞ்சுல வசதி அதிகம் இதுலதான். தலைப்புல இந்த வார்த்த வந்தா படிச்சதா மார்க் பண்ணு, இந்த வார்த்த வந்தா டேக் போடு, மெயில் அனுப்புனு விதி போடலாம், ஃபீடே இல்லாத பக்கத்தையும் கண்காணிக்கும், ஆனா நல்ல வசதியில பாதி காசு கட்டுனாத்தான். செட்டிங்ஸ் பக்கத்துல ஒரு நாள் சாயங்காலம் முழுக்க தொலைஞ்சு போனேன், எனக்கு அது புடிச்சிருந்துச்சு, என் அக்காவுக்குக் குடுத்தா அடிக்க வருவாங்க.

நியூஸ்பிளர். ஒருத்தர் ஆரம்பிச்சு இத்தன வருஷமா ஓட்டிட்டு இருக்கிற சர்வீஸ், கோட் மொத்தமும் வெளிய இருக்கு. ஃப்ரீல 64 ஃபீட், ஏன் 64னு கேக்காதீங்க, கம்ப்யூட்டர்காரங்களுக்கு அது ராசியான நம்பர். இதோட தனிச்சிறப்பு பழக்குறது. ஒரு கட்டுரைய திறந்து எழுதுனவர் பேரையோ, டேக்கையோ, தலைப்புல இருக்கிற ஒரு வார்த்தையையோ புடிக்கும், புடிக்காதுனு சொல்லிக் குடுத்தா அதுக்கு ஏத்த மாதிரி பச்ச, செவப்புனு பிரிச்சிரும், பச்ச மட்டும் காட்டுன்னா அத மட்டும்தான் காட்டும். ஒரு செய்தி சைட்ல கிரிக்கெட் டேக்க செவப்பு ஆக்குனேன் பாருங்க, அந்த ஃபீட் பாதியா கொறைஞ்சு போச்சு. தோற்றம்தான் பழைய காலத்து கண்ட்ரோல் ரூம் மாதிரி, எல்லாப் பக்கமும் பட்டன்.

தி ஓல்ட் ரீடர். பேருக்கேத்த மாதிரி பழைய கூகுள் ரீடர் போலவே, இடது பக்கம் பட்டியல், வலது பக்கம் கட்டுரை, ஜே அடிச்சா அடுத்தது, கே அடிச்சா முந்தினது. ஃப்ரீல 100 ஃபீட். இவங்க கதையும் கேளுங்க, 2013ல கூகுள் ரீடர் கூட்டம் மொத்தமா வந்து விழுந்ததுல தாங்க முடியாம ஜூலை கடைசில, பொது சேவைய நிறுத்துறோம்னு அறிவிச்சுட்டாங்க, கொஞ்ச நாள்லயே வேற ஒரு டீம் கைகுடுத்து இன்னைக்கு வரைக்கும் ஓடுது.

ஃபீட்பின். ஃப்ரீயே கெடையாது, கொஞ்ச நாள் ட்ரையல், அப்புறம் சந்தா. சுத்தமா, அமைதியா, எதையும் விக்கப் பாக்காத ஒரு எடம். நியூஸ்லெட்டருக்குன்னு தனி மெயில் முகவரி குடுப்பாங்க, அதக் குடுத்து சேந்தீங்கன்னா மெயில்ல வர்ற கட்டுரையும் ஃபீட் மாதிரி இங்கயே வந்துரும், இன்பாக்ஸ் பாரம் கொறையும்.

இந்த வரம்பெல்லாம் நான் பாத்தப்ப இருந்தது, மாத்திக்கிட்டே இருப்பாங்க, சேர்றதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்கோங்க.

சொந்தமா சர்வர்ல போட்டுக்கலாம்னு சொல்றாங்களே?

போடலாம். ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ், மினிஃப்ளக்ஸ்னு ரெண்டு ரீடர் மென்பொருள் இருக்கு. ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் பிஎச்பி ஓடுற எந்த சாதாரண ஹோஸ்டிங்லயும் ஏறிரும், டேட்டாபேஸுக்கு எஸ்க்யூலைட் கூடப் போதும். மினிஃப்ளக்ஸ் கோங்கிற புரோகிராம் மொழில எழுதுனது, ஒரே ஒரு ஃபைலு, ஆனா போஸ்ட்கிரஸ்ங்கிற டேட்டாபேஸ் கண்டிப்பா வேணும், எழுதுனவர் வேண்டாததெல்லாம் சேக்கவே மாட்டேன்னு அடம் புடிக்கிற ஆளு, அதனாலயே வேகமா ஓடும். யாரும் உங்களுக்கு மூடுறோம்னு மெயில் போட முடியாது. ஆனா அப்டேட், பேக்கப், ராத்திரி டிஸ்க் நெறைஞ்சு போறது எல்லாம் உங்க தலைல. டெர்மினல் பாத்தாலே கொட்டாவி வர்ற ஆளுன்னா இந்தப் பக்கம் வராதீங்க.

ஒரு சங்கடம் என்னன்னா, சில சைட்டு பாட் தடுப்பு (ஆளில்லாம தானா வந்து கேக்குற மென்பொருள விரட்டுறது) போட்டு வச்சிருப்பாங்க, வாடகை சர்வர்லருந்து போய்க் கேட்டா 403னு கதவ சாத்திரும். பெரிய சர்வீஸுக்கும் இது நடக்குது, தனியாளுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம்.

மாறுனா இப்ப யூஸ் பண்ற போன் ஆப்பையும் மாத்தணுமா?

பெரும்பாலும் வேணாம், இதுல ஒரு வேடிக்க இருக்கு. கூகுள் ரீடர்கிட்ட ஆப்பெல்லாம் பேசுறதுக்கு ஒரு ஏபிஐ இருந்துச்சு, கூகுள் அத முறையா வெளியிட்டதே இல்ல, ஆளுங்களா நோண்டிக் கண்டுபுடிச்சதுதான். 2013 ஜூலை 1ஆம் தேதி ரீடர் செத்துப் போச்சு, ஆனா அந்த ஏபிஐ சாகல. ஆப் எழுதுனவங்ககிட்ட எல்லாம் அந்த கோட் ஏற்கனவே இருந்துச்சுல்ல, அதனால புதுசா வந்த சர்வீஸ்காரங்க பலபேரு அதே மாதிரி பேசுற சர்வர எழுதிட்டாங்க, அப்பத்தான் ஆப்ல முகவரிய மாத்துனாப் போதும். இனோரீடர், தி ஓல்ட் ரீடர், ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ், மினிஃப்ளக்ஸ் எல்லாம் இன்னைக்கும் அந்த பாஷ பேசுது. செத்துப்போன ஒரு சர்வீஸோட பாஷைல இத்தன வருஷம் கழிச்சும் எல்லாரும் பேசிக்கிட்டிருக்காங்க.

அதனால உங்க ஆப்ல அக்கவுண்ட் சேக்குற எடத்துல போய்ப் பாருங்க, நீங்க போகப்போற சர்வீஸ் பேரு இருக்கும், இல்லன்னா கூகுள் ரீடர் ஏபிஐனு பொதுவா ஒண்ணு இருக்கும், ஃபீவர்னு இன்னொண்ணும் இருக்கும், அதுவும் செத்துப்போன ஒரு ரீடரோடதுதான்.

ஃப்ரீ போதுமா, காசு கட்டணுமா?

50 ஃபீட் படிக்கிறவங்களுக்கு ஃப்ரீ தாராளம். அதுல கொறையா இருக்கிறது வேகம், ஃப்ரீ ஆளுங்க மட்டும் ஃபாலோ பண்ற ஃபீட அவங்க சர்வர் அடிக்கடி போய்ப் பாக்காது, கட்டுரை சில மணி நேரம் தாமதமா வரும். தேடுற வசதியும் சில எடத்துல காசுக்குத்தான்.

நான் காசு கட்டுற கட்சி. ஒவ்வொரு ஃபீடையும் நாள் முழுக்க போய்ப் பாக்கணும், வந்தத எல்லாம் சேத்து வைக்கணும், அந்த சர்வர் செலவ யாராவது குடுத்துத்தான ஆகணும். முழுக்க ஃப்ரீயா வந்த டிக் ரீடர் 2013 ஜூன்ல தொடங்கி 2018 மார்ச்ல மூடுனாங்க, ஏஓஎல் ரீடரும் அதே சமயத்துல வந்து அதே 2018ல போச்சு. ஆனா காசு கட்டிட்டா மூட மாட்டாங்கன்னும் நெனைக்காதீங்க, போன மாசம் எனக்கு மெயில் போட்டவங்களுக்கு நான் சந்தா கட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். அதனால சேந்த அன்னைக்கே மூணு ஃபீட் போட்டு எக்ஸ்போர்ட் அமுக்கிப் பாருங்க, ஃபைல் ஒழுங்கா வருதா, ஃபோல்டர் இருக்கான்னு. அது சரியா வரலைன்னா வேற எவ்ளோ அழகா இருந்தாலும் எனக்கு வேணாம். வருஷ சந்தா தள்ளுபடினு இழுப்பாங்க, மொத ஆறு மாசம் மாசாமாசம் கட்டுங்க.

கட்டுரை நாலு வரியோட நின்னு போகுது, முழுசா வரல, ரீடர் கோளாறா?

இல்ல, அந்த சைட்டுக்காரங்க ஃபீட்ல அவ்ளோதான் குடுக்குறாங்க, நீங்க சைட்டுக்கு வந்து விளம்பரம் பாக்கணுமாம். நிறைய ரீடர்ல முழுக் கட்டுரை எடுக்குற பட்டன் இருக்கு, அத அமுக்குனா ரீடரே அந்தப் பக்கத்துக்குப் போய் கட்டுரைய மட்டும் உரிச்சு எடுத்துட்டு வரும், சந்தா கட்டுனாத்தான் படிக்க முடியும்ங்கிற சைட்ல மட்டும் பருப்பு வேகாது.

சைட்ல ஃபீட் லிங்கே காணோம்.

மொதல்ல சைட் முகவரிய அப்படியே ரீடர்ல ஒட்டிப் பாருங்க, பக்கத்தோட கோடுக்குள்ள ஃபீட் முகவரி எழுதியிருந்தா ரீடரே கண்டுபுடிச்சிரும். யூடியூப் சேனலும் அப்படித்தான். வேர்ட்பிரஸ்னா முகவரிக்கு அப்புறம் ஒரு சாய்கோடு போட்டு ஃபீட்னு ஆங்கிலத்துல அடிச்சாப் போதும்.

மாறும்போது பாதுகாப்புனு கவனிக்க வேண்டியது ஏதாவது?

இருக்கு, யாரும் யோசிக்காதது. காசு கட்டிக் கேக்குற பாட்காஸ்ட், ஆபீஸ்ல புகார், வேலை பதிவு பண்ற டிக்கெட் ஃபீட் இதெல்லாம் பாஸ்வேர்ட் கேக்காது, அதுக்குப் பதிலா அந்த முகவரிலயே நீளமா ஒரு ரகசிய எழுத்து வரிசை இருக்கும், அது கைல இருக்கிறவன் எவனும் படிக்கலாம். உங்க ஓபிஎம்எல் ஃபைல்ல அது அப்படியே பச்சையா இருக்கும். நண்பர் ஒருத்தர் நல்ல பட்டியல்னு சொல்லி தன்னோட ஃபைல எல்லாருக்கும் அனுப்பிட்டாரு, திறந்து பாத்தா அவரு வேல பாக்குற எடத்து உள் ஃபீட் நாலு அதுல இருக்கு. அனுப்புறதுக்கு முன்னாடி நோட்பேட்ல திறந்து அந்த மாதிரி வரிய தூக்கிருங்க. அந்த ஃபீடையெல்லாம் ஆன்லைன் சர்வீஸ்ல போடவே வேணாம், போன்ல இருக்கிற தனி ஆப்ல வைங்க.

கடைசில நீங்க எங்க போனீங்க?

ஃபீட்பின். அக்காவ தி ஓல்ட் ரீடர்ல விட்டேன், ஒரு கேள்வியும் வரல. ஒரு நாளைக்கு 500 தலைப்பு மேயுற ஆளா, அதுல பாதிய வடிகட்டணுமா, அப்ப இனோரீடரோ நியூஸ்பிளரோ.

பழைய அக்கவுண்ட்ட அப்படியே விட்டுறலாமா?

விடாதீங்க. புது எடத்துல ஏத்துன பட்டியல்ல எண்ணிக்கை சரியா இருக்கான்னு பாத்துட்டு (எனக்கு 165 வரணும், 163தான் வந்துச்சு, ரெண்டு முகவரில ஏதோ எழுத்து ஒடஞ்சிருந்துச்சு) அதுக்கப்புறம் பழைய அக்கவுண்ட்ட அழிச்சிருங்க. கூகுள் லாகின் வச்சு நுழைஞ்சிருந்தா கூகுள் அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல போய் அந்த அனுமதியையும் எடுங்க. அப்புறம் கார்டு. மூடுற சர்வீஸ்னாலும் தானா புதுப்பிக்கிறத யாராவது நிறுத்துனாத்தான் நிக்கும், எனக்கு மூடுறோம்னு மெயில் வந்து ஒம்பதாவது நாள் அடுத்த மாச சந்தாவும் எடுத்தாங்க. கேட்டதும் திருப்பிக் குடுத்துட்டாங்க.